கரப்பந்தாட்டக் களத்தில் பெண் பயிற்றுநர்

மருதானைப் புகையிரத நிலையத்துக்கு அடுத்த நிலையம் கோட்டை. அங்கிறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பிறிஸ்டல் வீதியில் வை.எம்.சி.ஏ. என நாம் அழைக்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைக் காணலாம். 1916 ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் உடற்பயிற்சிப் பணிப்பாளராயிருந்த றொபேட் வோல்ட்டர் கமக் என்பவரே கரப்பந்தாட்டத்தை இந்நாட்டுக்கு அறிமுகஞ் செய்தார். அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்னர், 1895 இல், அமெரிக்காவின் ஹொலியோக் நகரில் அதே சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மோர்கன் இதனை உருவாக்கியிருந்தார். கூடைப்பந்தாட்டத்தில் ஓடியும் முட்டி மோதியும் களைத்துப்போகும் நடுத்தர வயது வியாபாரிகளுக்கு, ஆளோடு ஆள் மோதாத ஓர் ஆட்டம் வேண்டுமென்பதே அவருடைய எண்ணம். நகரத்து முதலாளிமாருக்காகப் பிறந்த ஆட்டம் இன்று எங்கள் வயற்கரை வரை வந்திருக்கிறது. 1991 இல் அது இலங்கையின் தேசிய விளையாட்டாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது.

இடம்பெயர்ந்த மக்கள் மத்தியில் இவ்வாட்டம் வேரூன்றியதற்குக் காரணம் எளிது. துடுப்பாட்டத்துக்கு வேண்டிய நிலமும் செலவும் இதற்கு வேண்டியதில்லை. களத்தின் நீளம் 18 மீற்றர், அகலம் 9 மீற்றர். ஒரு ஏக்கருக்கு 16 பரப்பு என்ற தோட்டக் கணக்கில் பார்த்தால், களம் ஒரு பரப்பில் மூன்றிலிரண்டுக்கும் சற்றுக் குறைவு. நாற்புறமும் மூன்று மீற்றர் வெளி விட்டாலும் ஒன்றரைப் பரப்புக்குள் அடங்கிவிடும். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து, பன்னிரண்டு பேர். நலன்புரி நிலையங்களின் கூடாரங்களுக்கிடையே கூட ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு ஆடியவர்கள் நாங்கள்.

ஆனால் ஆடியவர்கள் யார்? பின்னேரம் நான்கு மணிக்கு எந்த மீள்குடியேற்றக் கிராமத்துக்குப் போனாலும் களத்தினுள்ளே பொடியன்கள் நிற்பார்கள். பெண் பிள்ளைகள் பாடசாலை அணியில் ஆடுவார்கள். வலயப் போட்டி, மாகாணப் போட்டி என்று போய்ச் சான்றிதழும் பெற்று வருவார்கள். சாதாரணதரப் பரீட்சையோடு, மிஞ்சினால் உயர்தரத்தோடு, எல்லாம் நின்றுவிடும். சான்றிதழ் சுவரில் தொங்கும். பிள்ளை அடுப்படியில் நிற்பாள். பத்து வருடம் பந்தோடு பழகிய அவளுடைய அறிவு ஊருக்கு எந்த வகையிலும் திரும்பி வருவதில்லை. அடுத்த தலைமுறைப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்றுவிக்க மறுபடியும் ஓர் ஆண்தான் வருவார்.

இது எங்கள் ஊருக்கு மாத்திரமுரிய குறையன்று. வசதி மிகுந்த நாடொன்றிலும் இதே நிலைதான் நெடுங்காலம் இருந்தது. அது அண்மையில் எவ்வாறு மாறியது என்பதை விளக்கவே இக்கட்டுரை.

43 ஆண்டுகள் கழித்து

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெண்கள் கரப்பந்தாட்டம் பெரிய நிகழ்வு. தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1981 இலிருந்து பெண்களுக்கான வாகைப் போட்டியை நடத்தி வருகிறது. முதற் பிரிவில் ஆண்டுதோறும் ஓர் அணி வெல்லும். ஆடியவர்கள் எல்லோரும் பெண்கள். ஆனால் 2023 வரை வென்ற ஒவ்வோர் அணியின் தலைமைப் பயிற்றுநரும் ஆண்.

2024 டிசெம்பர் 22 ஆம் திகதி லூயிவில் நகரில் நடந்த இறுதியாட்டத்தில்தான் அந்த வரிசை அறுந்தது. அன்று இரு அணிகளுக்கும் பெண்களே தலைமைப் பயிற்றுநர்கள். ஆகவே யார் வென்றாலும் வரலாறுதான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணி லூயிவில் அணியை 3க்கு 1 என்று வென்றது. பார்வையாளர் 21,000 பேருக்கு மேல். வென்ற அணியின் பயிற்றுநர் கேற்றி ஷூமாக்கர் கோலி. அவர் அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி. அப்பல்கலைக்கழகம் முதன்முதலாகத் தேசிய வாகை சூடிய 1999 ஆம் ஆண்டு அணியில் ஆடியவர்.

தோற்ற அணியின் பயிற்றுநர் டனி பஸ்பூம் கெலியும் அவ்வாறே. நெபிராஸ்கா மாநிலத்தின் விவசாயக் கிராமப்புறத்தில் வளர்ந்தவர். நெபிராஸ்கா பல்கலைக்கழக அணிக்காக ஆடி 2006 இல் வாகை சூடியவர். இறுதியாட்டத்தில் தோற்ற அடுத்த மாதமே, 2025 ஜனவரியில், தாம் ஆடிய அந்த நெபிராஸ்கா அணிக்கே தலைமைப் பயிற்றுநராக அழைக்கப்பட்டார்.

கேற்றி அந்தப் பருவத்தில் இன்னொரு போராட்டத்தையும் நடத்திக் கொண்டிருந்தார். மார்பகப் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டதை 2024 ஒக்டோபரில் வெளிப்படையாக அறிவித்தார். சிகிச்சை நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே களத்தோரம் நின்று பயிற்றுவித்தார். அரையிறுதியில் நெபிராஸ்காவுக்கு எதிராக முதலிரண்டு சுற்றுகளையும் இழந்த அவரது அணி, அடுத்த மூன்றையும் வென்று மீண்டது. நோயுற்ற பயிற்றுநருக்காகப் பிள்ளைகள் வென்றார்கள் என்று பத்திரிகைகள் எழுதலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அவர் நோயை மறைக்கவில்லை. எங்கள் பெண்கள் மார்பில் கட்டி தென்பட்டால் வீட்டிலும் சொல்வதில்லை, ஆஸ்பத்திரிக்கும் போவதில்லை. முற்றிய பிறகே வருகிறார்கள். ஓர் அணியின் முன்னால் நிற்கும் பெண் அதை வாய்திறந்து சொன்னால் அந்த அணியின் தாய்மார் பலர் தம்மைத் தாமே பரிசோதித்துப் பார்த்திருப்பார்கள்.

பணம் வந்ததும் கை மாறியது

ஏன் 43 ஆண்டுகள் சென்றன? இங்கேதான் விவசாயக் குடும்பங்களாகிய நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய விடயம் இருக்கிறது.

1972 இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரச நிதி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாதென்பது அதன் சாரம். அதன் பின் பெண்கள் விளையாட்டுக்குக் களமும் நிதியும் புலமைப்பரிசிலும் கிடைத்தன. ஆடும் பெண்களின் தொகை பன்மடங்காயிற்று. நல்ல சட்டம்தான். ஆனால் அதனோடு கூட எவரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சட்டத்துக்கு முன்பு கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். சம்பளமில்லாமல், அல்லது ஆசிரியத் தொழிலோடு சேர்த்து மேலதிக வேலையாகச் செய்தார்கள். சம்பளம் வந்ததும் அப்பதவிகளுக்கு ஆண்கள் விண்ணப்பித்தார்கள், தெரிவுசெய்தவர்களும் ஆண்களே. இன்று பெண்கள் அணிகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பெண்கள் தலைமைப் பயிற்றுநர்.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது பால் சேகரிப்பு நிலையம். வீட்டில் ஒரு பசு நின்று, பால் வீட்டுத் தேவைக்கும் அயலுக்கும் போன காலத்தில், மாட்டுக்கு வைக்கோல் போட்டுப் பால் கறந்து சாணம் அள்ளியவள் தாய். அந்தச் சொற்ப காசும் அவளுடைய முந்தானையில் முடியப்பட்டிருந்தது. பால் சேகரிப்பு நிலையம் திறந்து, மாதக் கொடுப்பனவு வங்கிக்கு வரத் தொடங்கியதும், கணக்கு யாருடைய பெயரில் திறக்கப்பட்டது? கறப்பவள் அவளே, ஒப்பமிடுபவர் அவர். வயலிலும் அப்படித்தான். நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் அரிவி வெட்டியதும் பெண்கள். வெட்டும் இயந்திரம் வந்ததும் அதன் மேல் பெண் எவரும் ஏறவில்லை. ஒரு வேலைக்குக் காசு இல்லாதவரை அது பெண்ணின் வேலை. காசு வந்ததும் அது 'தொழில்'. அமெரிக்கக் கரப்பந்தாட்டமும் வன்னிப் பால்மாடும் இவ்விடயத்தில் ஒன்றுதான்.

ஆடத் தெரிந்தால் போதாது

இன்னொரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். நன்றாக ஆடியவள் நன்றாகப் பயிற்றுவிப்பாள் என்பது தானாக வருவதன்று. நல்ல ஆட்டக்காரிக்குப் பந்து கையில் பட்டதும் உடம்பு தானே செய்யும். எப்படிச் செய்தேன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. தெரியாத பிள்ளைக்கு அதைப் படிப்படியாகப் பிரித்துச் சொல்வது வேறு கலை. எங்கள் கிழவர்கள் மண்ணை விரலால் நசுக்கிப் பார்த்து ஈரம் சொல்வார்கள். மகனுக்கு அதைக் கற்பிக்கச் சொன்னால் 'பார்த்தால் தெரியும்தானே' என்பார்கள்.

கேற்றி ஆடி முடித்ததும் தன் பழைய அணிக்குத் தலைவியாகிவிடவில்லை. சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழக அணிக்குப் பல ஆண்டுகள் தலைமைப் பயிற்றுநராயிருந்தார். பின்னர் வேறொரு பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை வகித்தார். 2018 இல் பழைய இடத்துக்குத் திரும்பியபோது உதவிப் பதவியையே ஏற்றார். அங்கே 1979 இலிருந்து பயிற்றுவித்து 7 தேசிய வாகைகளை வென்ற றஸ் றோஸ் என்பவரின் கீழ் வேலை செய்து, அவர் ஓய்வு பெற்றபின் 2022 இல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். மோசேயின் கீழ் யோசுவா இருந்ததை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். வாக்களிக்கப்பட்ட நிலத்துக்குள் மக்களை நடத்திச் சென்றவர் யோசுவா. ஆனால் அதற்கு முன் பாலைவனத்தில் நெடுங்காலம் உதவியாளராக நின்றவர் அவர்.

சீனாவின் லாங் பிங் இன்னும் பெயர் பெற்றவர். 'இரும்புச் சுத்தியல்' என்று பட்டம் பெற்ற அவர் 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். ஆட்டத்தை விட்டபின் பல்கலைக்கழகம் சென்று படித்தார். அமெரிக்காவுக்குப் போய் ஓர் அணிக்கு உதவிப் பயிற்றுநராக நின்றார். 1995 இல் சீன அணியைப் பொறுப்பேற்று அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் வெள்ளி. 2008 இல் அமெரிக்க அணியின் பயிற்றுநராகப் பெய்ஜிங்குக்கே வந்து, முதற் சுற்றில் தம் தாய்நாட்டையே வென்று, முடிவில் வெள்ளி. மீண்டும் சீன அணிக்குத் திரும்பி 2016 இல் றியோ நகரில் தங்கம். ஆடியும் பயிற்றுவித்தும் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதலாவது கரப்பந்தாட்டக்காரர் அவரே. றியோவில் அவரது அணியின் சிறந்த ஆட்டக்காரியாகத் தெரிவானவர் ஜூ ரிங். ஹெனான் மாகாணத்து விவசாயக் குடும்பமொன்றின் ஐந்து பெண் பிள்ளைகளில் மூன்றாமவர். ஐந்தும் பெண்ணா என்று எங்கள் ஊரில் பெருமூச்சு விடுவோர் இதைக் கவனிக்கலாம்.

எங்கள் நாட்டில் இதற்கு நெருங்கிய உதாரணம் வலைப்பந்தாட்டத்தில் இருக்கிறது. 2018 இல் சிங்கப்பூரில் நடந்த ஆசிய வாகைப் போட்டியில் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் இலங்கை வென்றபோது பயிற்றுநராயிருந்தவர் முன்னாள் தேசிய வீராங்கனை திலகா ஜினதாச. அவ்வணியின் தூணாக நின்றவர் யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவன் பகுதியைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 6 அடி 10 அங்குலம். போர் நடந்த மண்ணிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு சிங்களப் பயிற்றுநரும் சேர்ந்து அவ்வெற்றியைத் தேடித் தந்தார்கள். 2019 இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் அதிக கோல்களைப் போட்டவரும் தர்ஜினியே.

'சேர்' என்பதும் 'அக்கா' என்பதும்

ஆண் பயிற்றுநர் கூடாதென்று நான் சொல்ல வரவில்லை. வெயிலில் நின்று, கைக்காசைப் போட்டுப் பந்து வாங்கி, பெண் பிள்ளைகளை மாகாணம் வரை கொண்டுபோன ஆசிரியர்களை நான் அறிவேன். ஆயினும் பிள்ளைகள் அவரை 'சேர்' என்றும், முன்பு ஆடிய மூத்த பிள்ளையை 'அக்கா' என்றும் அழைப்பதில் வேறுபாடு உண்டு. மாதவிடாய் நாளில் வயிறு வலிக்கிறது என்பதைச் சேரிடம் சொல்லமாட்டார்கள். 'தலையிடி' என்று சொல்லி வராமல் நிற்பார்கள். அக்காவிடம் சொல்வார்கள். முழங்கால் நோவும் அப்படியே. குதித்து இறங்கும்போது முழங்காலின் உள்நாண் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இரண்டு பாதமும் ஒன்றாக நிலத்தில் பட, முழங்கால் மடிந்து, உட்புறமாகச் சாயாமல் இறங்கப் பழக்குவதே அதற்குக் காப்பு. இதைத் தொடக்கத்திலேயே, பந்து கொடுக்கும் முன்பே, பழக்க வேண்டும்.

பெற்றோருடைய பயமும் வீண் பயமன்று. போரிலும் முகாமிலும் பெண் பிள்ளைகளுக்கு நடந்தவற்றைக் கண்டவர்கள் நாங்கள். ஆகவே பிள்ளையை அனுப்புங்கள் என்று சொல்பவர்கள், பாதுகாப்பு எப்படி என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். பயிற்சி திறந்த வெளியில், ஊர் பார்க்கும் இடத்தில் நடக்க வேண்டும். பொழுது சாய முன் முடிய வேண்டும். எந்த வளர்ந்தவரும், ஆணோ பெண்ணோ, குருவானவரோ ஆசிரியரோ, ஒரு பிள்ளையோடு தனித்து அறையில் நிற்கக் கூடாது. தனித்து ஏற்றிச் செல்லவும் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குத் தாய்மார் இருவராவது கூடப் போக வேண்டும். தொலைபேசியில் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பாமல் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். எமது திருச்சபையே இவற்றைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. இவ்விதிகளைக் கேட்டு முகஞ்சுழிக்கும் பயிற்றுநரிடம் பிள்ளையை விட வேண்டாம். உடை விடயத்திலும் பிடிவாதம் தேவையில்லை. முழுக்காற்சட்டை போட்டு ஆடினாலும் பந்து வலைக்கு மேலாகத்தான் போகும்.

ஊரில் தொடங்குவதென்றால்

முதலில் நிலம். மீள்குடியேறிய பகுதியாயின் கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று சான்றளிக்கப்பட்ட காணியிலேயே களம் வெட்டுங்கள். பந்து உருண்டு போகும் பற்றைகளும் அதில் அடங்க வேண்டும். பந்து களத்துக்குள்ளேயே நிற்காது. பிள்ளை அதன் பின்னால் ஓடுவாள். களம் வடக்குத் தெற்காக நீண்டிருந்தால் மாலை வெயில் எவர் கண்ணிலும் நேராக அடிக்காது. பெண்களுக்கு வலையின் மேல்விளிம்பு 2.24 மீற்றர் உயரம், ஆண்களுக்கு 2.43. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் தாழ்த்திக் கட்டினாற் குற்றமில்லை. உயரத்தில் கட்டிவிட்டு எட்டாத பிள்ளையைத் திட்டுவதுதான் குற்றம். எங்கள் ஊர்களில் 'ஓவர்' ஆட்டமென்றும் 'செற்றப்' ஆட்டமென்றும் பிரிப்பார்கள். சிறுவர் இரண்டையும் பழகட்டும். ஆனால் பாடசாலைப் போட்டி சர்வதேச விதிப்படி நடப்பதால், ஆறு பேர் ஆடி மூன்று தொடுகையில் பந்தை அனுப்பும் முறையைப் பிரதானமாகக் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆள். ஊரில் பாடசாலை அணிக்கு ஆடிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகள் யாரென்று கணக்கெடுங்கள். மணமுடித்தவர்களையும் விட்டுவிட வேண்டாம். அவர்களில் ஒருத்தி முதல் ஆண்டு இப்போதிருக்கும் பயிற்றுநருக்கு உதவியாளராக நிற்கட்டும். இரண்டாம் ஆண்டு சிறிய பிள்ளைகளைத் தனியே பொறுப்பேற்கட்டும். அதன் பின்னர் அணி. இந்த ஒழுங்கு பழைய பயிற்றுநருக்கு அவமானமாகத் தோன்றாதபடி ஊர்ப் பெரியவர்கள் பேசி வைப்பது நல்லது. பல முயற்சிகள் குழம்புவது இந்த இடத்தில்தான். காலபோக விதைப்பிலும் களையெடுப்பிலும் பிள்ளைகள் வீட்டுக்குத் தேவைப்படுவார்கள். விவசாயக் குடும்பத்தில் பிறந்த பயிற்றுநருக்கு அதை எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வாரங்களில் நாட்களைக் குறைத்து, அறுவடைக்குப் பின் கூட்டிக்கொள்வாள்.

கடைசியாகக் காசு. 'எங்கட பிள்ளைதானே, சும்மா செய்வாள்' என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அப்படிச் சொல்பவர் தன் உழவு இயந்திரத்தை எவருக்கும் சும்மா கொடுப்பவரா என்று கேளுங்கள். கொடுப்பனவு சிறிதாயிருக்கலாம். ஆனால் அது சங்கத்தின் கணக்கில் அவளுடைய பெயரில் பதியப்பட்டு அவளுடைய கையில் கொடுக்கப்பட வேண்டும். பின்னர் ஏதேனும் நிறுவனமோ அரச திட்டமோ சம்பளத்தோடு ஒரு பயிற்றுநர் பதவியைக் கொண்டு வருமானால், இவ்வளவு காலமும் அவ்வேலையைச் செய்தவள் இவளே என்று காட்ட அந்தப் பதிவேடு உதவும்.

இதைத் தொழிலாகத் தொடர விரும்பும் பிள்ளைக்கு வழிகள் உண்டு. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியராகத் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிலலாம். பயிற்றுநர்களுக்கான கற்கைநெறிகளைக் கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் நடத்துகிறது. பிரதேச செயலகத்திலிருக்கும் விளையாட்டு உத்தியோகத்தரிடம் விண்ணப்ப விபரங்களைக் கேட்கலாம். கேட்கப் போகும்போது பாடசாலைச் சான்றிதழ்களின் பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் படித்த பாடசாலையின் அதிபரிடம் உறுதிக் கடிதம் பெறுங்கள். பாடநெறி தமிழில் நடைபெறுமா, தங்குமிடம் உண்டா என்பவற்றை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டறியுங்கள். பெண் பிள்ளை கொழும்பில் தங்குவதற்கு இடம் வேண்டுமாயின் உங்கள் பங்குத்தந்தை மூலம் கன்னியர் மட விடுதிகளை விசாரிக்கலாம். மதபேதம் பார்க்காமல் இடம் கொடுக்கும் மடங்கள் உண்டு. பயணச் செலவை மாதர் சங்கம் கடனாகவன்றி உதவியாகக் கொடுத்தால் நல்லது. கடன்பட்டுப் போன பிள்ளை, கடனடைக்க வேண்டுமென்று பாதியில் வேலை தேடிப் போய்விடக் கூடும்.